ஒரு முறம் தவிடு

கல்லங்குறிச்சி
18.1.1983

அக்கா,

பொங்கல் வந்தது, போனது. பிள்ளை வரவில்லை.

தீபாவளிக்கு அனுப்புகிறேன் என்றாய். பிறகு மழை என்றாய். மழை விட்டதும் அவளுக்கு இருமல் என்றாய். நானும் ஒரு பாவாடை சட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அரியலூரிலிருந்து பஸ் வரும்போதெல்லாம் ரோட்டுக்கு ஓடினேன். "என்னம்மா, இன்னிக்கும் வரலியா?" என்று கண்டக்டரே கேட்கும்படி ஆகிவிட்டது. மானமே போகிறது.

உனக்கு மறந்திருந்தால் நானே சொல்கிறேன். எனக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, "இது ஓம் புள்ளன்னு தெரிஞ்சா எமன் இதையும் தூக்கிட்டுப் போயிருவான், தவிட்டுக்குக் குடுத்துடு" என்று என் மாமியார் சொன்னார். நீதான் முறத்தில் தவிடு கொண்டுவந்து கொட்டிவிட்டு அவளைத் தூக்கினாய். தவிட்டாயி என்று பேரும் வைத்தோம். மற்ற வீடுகளில் அன்றைக்கே பிள்ளையைத் தாயிடம் வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு மஞ்சள்காமாலை, பால் இல்லை. "அஞ்சு வயசு வரைக்கும் நான் வச்சிருக்கேன் குஞ்சு, அப்புறம் பெருமாள் கோயில்ல ஒப்படைச்சுர்றேன்" என்று சொன்னது நீ. நான் கேட்கவில்லை, நீயாகச் சொன்னாய்.

அவளுக்கு இப்போது எட்டு முடிந்துவிட்டது.

சித்திரையில் எங்கள் பெருமாளுக்குத் தேர். அன்றைக்கு அவளை அழைத்து வா. நம் வீட்டு வழக்கப்படி நான் தவிட்டைத் திருப்பித் தருகிறேன், நீ "எம் புள்ள இல்ல" என்று மூன்று தரம் வாயால் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போ. எனக்கு என் பிள்ளை வேண்டும். வேறு எதுவும் உன்னிடம் நான் கேட்கவில்லை.

குஞ்சம்மாள்


பெரம்பலூர்
2.2.1983

என் தங்கம் குஞ்சுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபமாக எழுதியிருக்கிறாய். பெற்றவளுக்கு இருக்காதா? நான் தப்பாக நினைக்கவில்லை. மாமாவின் தையல் கடையில் பொங்கல் வேலை இப்போதுதான் ஓய்ந்தது. எனக்கும் பால்வாடியில் லீவு கிடைக்கவில்லை.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் ஆரம்பித்துவிட்டார்கள். என்ன படிப்பு படிக்கிறாள் தெரியுமா! போன வாரம் டீச்சர் 'கீப்' என்று ஒரு சொல்லைக் கொடுத்து, அதை வைத்து வாக்கியங்கள் எழுதிவரச் சொல்லிவிட்டார். வைத்திரு என்று ஒரே அர்த்தம்தான் என்று நான் நினைத்தேன். மாமா டவுனில் யார் யாரையோ கேட்டுவந்து சொன்னார். கோழி வளர்த்தாலும் கீப்பாம். சத்தம் போடாதே என்பதற்கும் கீப்பாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாலும் அதுதானாம். ஓயாமல் ஒன்றையே செய்துகொண்டிருந்தாலும் அதுதானாம். ஒருத்தரைக் காக்க வைத்தால் அதற்கும் அதே சொல்லாம். இவ்வளவு பெரிய வெள்ளைக்காரன் வேறு சொல் கிடைக்காமலா இதையே போட்டு அடித்தான்!

இங்கே மெட்ராஸ் ரோட்டில் போகிற லாரிகளின் பின்னால் 'கீப் டிஸ்டன்ஸ்' என்று எழுதியிருக்கும். தூரத்தை வைத்துக்கொள் என்று மாமா அர்த்தம் சொன்னார். அதற்கு அவள், "தூரத்தப் போயி எதுலப்பா வச்சுக்கறது, டப்பாவுலயா?" என்று கேட்டாள். கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

இப்படிப் படிக்கிற பிள்ளையை நடுவில் பிடுங்கி அங்கே கொண்டுபோய் என்ன செய்வாய்? சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் புழுதியில் உட்கார வைப்பாயா? பரீட்சை முடியட்டும். பிறகு பேசுவோம். உன் வீட்டுக்காரர் சாமிதுரைத் தம்பியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் அக்கா
இருசம்மாள்


கல்லங்குறிச்சி
21.2.1983

அக்கா,

கடிதம் எழுதினால் நீ இங்கிலீஷ் பாடம் நடத்துகிறாய் என்று நேராகவே வந்தேன். நேற்று உன் வீட்டு வாசலில் நின்றேன். பூட்டு தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று கார்டு போட்டிருந்தேனே, கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மாள் கையில் அந்தக் கார்டைப் பார்த்தேன். "இருசு படிச்சுட்டு எங்கிட்டயே வுட்டுட்டுப் போயிட்டா. அரும்பாவூருக்குப் போயிருக்காங்க" என்றாள். நான் வருகிறேன் என்று தெரிந்துதான் புருஷன் வீட்டுச் சனங்களைப் பார்க்கப் போனாயா?

அதோடு இன்னொன்றும் சொன்னாள். "அமுதவல்லிக்கு நல்ல படிப்புங்க." அமுதவல்லி யார் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

என் பிள்ளைக்குப் பேரை மாற்றிவிட்டாயா? தவிட்டாயி என்ற பேர்தானே அவளுக்குக் காவல்? கேட்டால் எவனும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதானே அந்தப் பேரை வைத்தோம்? பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று மாற்றினாயோ, இல்லை அவள் என் பிள்ளை என்ற அடையாளமே இருக்கக் கூடாது என்று மாற்றினாயோ, எனக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். எதிரே லாரி லாரியாகப் போனது. நீ எழுதிய அந்தச் சொல்தான் மண்டைக்குள் ஓடியது. வெள்ளைக்காரனுக்கு வேண்டுமானால் எல்லாம் ஒன்றாக இருக்கும். நமக்கு வைத்திரு வேறு, வைத்துக்கொள் வேறு. நான் உன்னை வைத்திருக்கத்தான் சொன்னேன். அந்த டீச்சரிடம் ஒன்று கேட்டுச் சொல். இத்தனை வேலை செய்கிற அந்தச் சொல்லில், திருப்பிக் கொடுப்பதற்கும் ஓர் இடம் இருக்கிறதா?

குஞ்சம்மாள்


பெரம்பலூர்
3.3.1983

குஞ்சு,

டீச்சரைக் கேட்டேன். இல்லை என்றார்.

நீ வந்த அன்று நான் ஓடிப்போனது உண்மை. மறைக்க என்ன இருக்கிறது? உன் முகத்தைப் பார்த்தால் கொடுத்துவிடுவேன் என்று பயந்தேன்.

நீயும் ஒன்றை மறந்துவிட்டாய். நாலு வயதில் காது குத்த அவளை உன் வீட்டுக்கு அழைத்து வந்தேனே, அன்று சாயங்காலம் என்ன நடந்தது? உன் வாசலில் கால் வைத்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை, பிள்ளைக்கு வெட்டு வலிப்பு வந்து பல் கிட்டிவிட்டது. கண் மேலே போய்விட்டது. நான்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இங்கே வந்த பிறகு ஒரு நாள் ஒரு பொழுது அவளுக்கு அப்படி வந்ததில்லை.

"எம் புள்ள இல்ல" என்று என்னை மூன்று தரம் சொல்லச் சொல்கிறாய். நான் சொன்ன அந்த நிமிஷமே அவள் மறுபடியும் உன் பிள்ளை ஆகிவிடுவாள். உன் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். இரண்டைப் புதைத்த கை உன்னுடையது. எனக்கு அந்தத் தெம்பு கிடையாது.

இதை எழுதிய கை விளங்குமா என்று தெரியவில்லை. ஆனால் என் மனதில் இருப்பது இதுதான். உயிரோடு இருக்கட்டும் குஞ்சு. என்னிடம் இருந்தால் என்ன, உன்னிடம் இருந்தால் என்ன? உனக்கு இன்னும் வயசு இருக்கிறது. இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கதவே கிடையாது என்று எல்லா டாக்டரும் சொல்லிவிட்டார்கள். அவள் காலையில் எழுந்து அம்மா என்று கூப்பிடவில்லை என்றால் நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

இருசம்மாள்


கல்லங்குறிச்சி
11.3.1983

அக்கா,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டதும் எழுந்து சட்டையை மாட்டினார். "நாலு பேரக் கூட்டிட்டுப் போயித் தூக்கிட்டு வந்துர்றேன், அப்புறம் என்ன வந்தாலும் வரட்டும்" என்று கிளம்பிவிட்டார். நான் காலில் விழுந்து நிறுத்தினேன். உனக்காக இல்லை. பிள்ளை மிரண்டுபோவாள் என்றுதான்.

இன்னொன்று பெற்றுக்கொள் என்று சுலபமாக எழுதிவிட்டாய். உனக்கு நாங்கள் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

எழுபத்தாறில் ஊர் ஊராகக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முகாம் போட்டார்களே, நினைவிருக்கிறதா? சுரங்கத்து ஆட்களோடு இவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே ஒருவர் எத்தனை பிள்ளை என்று கேட்டிருக்கிறார். தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளையை நம்முடையது என்று வெளியில் சொல்லவே கூடாது. யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதைத்தான் இவரும் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை இல்லாதவனைத் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்களாம். ஆனால் பக்கத்தில் நின்றவனெல்லாம் நாலு, அஞ்சு என்று சொல்லும்போது இந்த மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மூணு" என்று சொல்லிவிட்டார். மண்ணில் கிடக்கிற இரண்டையும் உன்னிடம் இருக்கிற ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

மூன்று போதும் என்று அறுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் அவரை அடித்தேன் அக்கா. புருஷன் என்றும் பார்க்காமல் அடித்தேன். "அதான் ஒண்ணு இருக்குல்ல, அஞ்சு வயசுல வந்துரும்ல" என்று சொல்லி அவர் அழுதார். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக நாங்கள் ஒரே கூரைக்குள் இருக்கிறோம்.

ஆகவே எனக்கும் கதவு கிடையாது. நீ புதைக்கப் பயப்படுகிறாய். நான் உயிரோடு இருப்பதையே பறிகொடுத்துவிட்டு நிற்கிறேன். நீ அவளைத் தேருக்கு அழைத்து வராவிட்டால் நான் உன் வாசலில் வந்து உட்காருவேன். நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனாலும் அங்கேயும் வருவேன்.

குஞ்சம்மாள்


பெரம்பலூர்
30.3.1983

குஞ்சு,

சாமிதுரைத் தம்பி விஷயம் எனக்குத் தெரியாது. பெருமாள் சத்தியமாகத் தெரியாது. உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தையல் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்புறம், "குடுத்துருவோம் இருசு. இதுக்கு மேல வச்சிருந்தா நாம மனுஷங்க இல்ல" என்றார். அவர்தான் அவளைத் தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர். அவரே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?

தேருக்கு அழைத்து வருகிறேன். ஒப்படைக்கிறேன்.

ஒன்றே ஒன்று. அவளுக்கு எதுவும் தெரியாது. நான்தான் அம்மா என்று இருக்கிறாள். உன்னைச் சின்னம்மா என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். விவரம் தெரியத் தெரியச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன், ஒவ்வொரு நாளும் தள்ளிப்போனது. நீ எதுவும் சொல்லிவிடாதே. நானே பக்குவமாகச் சொல்லி அழைத்து வருகிறேன். என் வாயால் கேட்டால்தான் தாங்குவாள்.

பாலில் ஏடு இருந்தால் குடிக்க மாட்டாள், எடுத்துவிட்டுக் கொடு. ஒருக்களித்துப் படுப்பாள், முதுகில் கை வைத்திருந்தால்தான் தூங்குவாள். இடிச் சத்தத்துக்குப் பயப்படுவாள். உங்கள் பக்கம் சுரங்கத்தில் வெடி வைப்பார்களே, அந்த நேரத்தில் அவளைத் தனியாக விடாதே. வெட்டு வந்தால் தண்ணீர் ஊற்றாதே, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்காதே.

என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை.

இருசம்மாள்


கல்லங்குறிச்சி
7.5.1983

அக்கா,

நீ சொல்லவே இல்லை.

கோயிலில் நான் உன் பக்கத்தில் வந்து, "சொல்லிட்டியாக்கா?" என்று கேட்டேன். நீ தலையை ஆட்டினாய். அதை நம்பித்தான் தவிட்டைத் தூக்கி உன் முறத்தில் கொட்டினேன். தேர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அழைத்து வந்தாய் என்று இப்போது அவள் சொல்கிறாள். பலூன் வாங்கித் தருகிறேன் என்றாயாம்.

முதல் தரம் நீ சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் அழுதுகொண்டே சொன்னாய். மூன்றாம் தரம், சொல்ல முடியாமல் கத்திவிட்டாய். "நீ எம் புள்ள இல்ல!" அவள் முகத்தைப் பார்த்துக் கத்தினாய். வழக்கம் சொல்கிறபடி திரும்பிப் பார்க்காமல் போனாய். அதனால் நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். "அம்மா, இனிமே சேட்டை பண்ண மாட்டேம்மா" என்று கத்திக்கொண்டு உன் பின்னால் ஓடினாள். அவர்தான் பிடித்துத் தூக்கி வந்தார். அவர் கையைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்றைக்கே அவளை மடியில் போட்டுக்கொண்டு, "நாந்தாம்மா ஒன்னப் பெத்தவ, எமனுக்குப் பயந்துதான் அவங்ககிட்டக் குடுத்தேன்" என்று சொன்னேன். எட்டு வருஷமாக இந்த வார்த்தையைச் சொல்லத்தான் காத்திருந்தேன். அவள் மடியை விட்டு எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். "அப்ப நீங்களும் வேணாம்னுதானே குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளிடம் பேச்சே இல்லை. சோறு வாயில் வைத்தால் அப்படியே வைத்திருக்கிறாள், விழுங்குவதில்லை. கொடுத்தது வெளியே வந்துவிடுகிறது. ஏடு எடுத்துத்தான் பால் கொடுக்கிறேன். முதுகில் கை வைத்தால் உடம்பைச் சுருக்கிக்கொள்கிறாள். அரியலூரில் டாக்டர் ஊசி போட்டார், வயிற்றில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். கன்னம் ஒட்டிவிட்டது. இந்த முகத்தை நான் இதற்கு முன்னால் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியும், இது எப்படிப் போகும் என்று.

நீ வா. ஒரு வருஷம் அவள் முகத்தில் முழிக்கக் கூடாது என்பது வழக்கம், தெரியும். வந்து அவளிடம், நான் சொன்னது பொய், நீ என் பிள்ளைதான் என்று சொல். சாமி முன்னால் சொன்னதை மாற்றிச் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்று நீ பயப்படுவாய். எனக்கு மட்டும் பயம் இல்லையா? இரண்டைப் புதைத்த கைதான் இதை எழுதுகிறது. எமன் இந்த வாசலுக்கு வந்தால் நான் மல்லுக்கு நிற்கிறேன். அவளாகச் சாகிறேன் என்று படுத்துக்கிடந்தால் நான் யாரோடு மல்லுக்கு நிற்பேன்?

திரும்ப அழைத்துப் போ என்று நான் சொல்லவில்லை. தர மாட்டேன். அவள் என்னை வெறுத்தாலும் என் வீட்டில் இருந்து வெறுக்கட்டும். ஆனால் நீ சொன்னால்தான் அவள் சாப்பிடுவாள். உன் காலில் விழுகிறேன், வா.

குஞ்சு


பெரம்பலூர்
10.5.1983

குஞ்சு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. பால்வாடியை ஆயா செல்லக்கண்ணுவிடம் விட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். மாமா கடையைச் சாத்திவிட்டு என்னை பஸ் ஏற்றிவிட நிற்கிறார்.

சொல்லவில்லை, ஆமாம். வருகிற வழியெல்லாம் சொல்லப் பார்த்தேன். பஸ்ஸில் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். எழுப்பிச் சொல்லலாம் என்று இரண்டு தரம் கையை எடுத்தேன். இவ்வளவு நன்றாகத் தூங்குகிறாளே, இறங்கிய பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். இறங்கியதும் நீ ஓடி வந்தாய்.

நான் அன்று கத்தியது அவளிடம் இல்லை. அவளுக்கு மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்த எமனிடம் கத்தினேன். நன்றாகக் கேட்கட்டும், யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று நினைத்து இந்தப் பக்கமே வராமல் போகட்டும் என்றுதான் அப்படிக் கத்தினேன். அது அவள் காதில் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை யார் நம்புவார்கள்?

வருகிறேன். அவள் என் பிள்ளைதான் என்று சொல்கிறேன். உன் பிள்ளையும்தான் என்று நானே சொல்கிறேன். நீ அவளை வேண்டாம் என்று கொடுக்கவில்லை, உயிரை விடுவதுபோல் கொடுத்தாய் என்று பக்கத்தில் நின்று பார்த்த நான் சொல்கிறேன். உன்னிடமே இருக்கட்டும், நான் கேட்க மாட்டேன். அதற்கு மேல் ஏதாவது நடந்தால் அந்தப் பழி என் தலையில் விழட்டும்.

அவள் சாப்பிடுகிற வரைக்கும் உங்கள் வீட்டில் இருக்கிறேன். சாமிதுரைத் தம்பி என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும்.

இன்றைக்கே கிளம்புகிறேன், இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன். அப்படியிருந்தும் எழுதித் தபாலில் போடுகிறேன். எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை குஞ்சு. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவளுக்கு வெட்டு வந்த அந்தச் சாயங்காலம் கண்ணில் வரும். சொன்னதை மாற்றிச் சொல்லி அவளை நானே கொன்றுவிடுவேனோ என்று நடுவழியில் இறங்கி ஓடினாலும் ஓடிவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் வந்து நான் வரவில்லை என்றால் எனக்காக ரோட்டில் நிற்காதே. உள்ளே போய் அவளை மடியில் எடுத்துக்கொள், நான் செத்துப்போய்விட்டேன் என்று சொல்லிவிடு. அம்மா செத்துப்போன பிள்ளைகள் அழுதுவிட்டுச் சாப்பிட்டுவிடும்.

இருசம்மாள்